பெருங்குடல் கட்டியை எந்த ஸ்கேன் காட்டும்? எது காட்டாது?

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் அன்றாடம் பயணிக்கும் நமக்கு ஒரு விளம்பரம் மனப்பாடம். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லை, ஒரே நாளில் குணம் என்று பெட்டிக்குள்ளும் ஸ்டேஷன் சுவரிலும் ஒட்டியிருக்கும் சிறு சுவரொட்டிதான் அது. மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம்தான் என்று நம் மக்கள் தாமாகவே முடிவு செய்துகொள்வதற்கு இந்தச் சுவரொட்டிகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொரு தவறான முடிவும் பரவலாக இருக்கிறது. "வயிற்றை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்பார்கள். எந்த ஸ்கேன் என்று கேட்டால், வயிற்றில் பசை தடவி எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனாக இருக்கும். கல்லீரலையும் பித்தப்பையையும் சிறுநீரகத்தையும் அழகாகக் காட்டும் அந்த ஸ்கேன், பெருங்குடலின் உட்சுவரில் வளரும் சிறு கட்டியைக் காட்டாது. காட்டாத கருவியிடம் கேட்டுவிட்டு, இல்லை என்று நிம்மதி அடைகிறோம்.

வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் வட்டாரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பத் தலைவர்கள் ஒரு நாள் விடுப்பு எடுப்பதே சிரமம். அப்படி ஒரு நாளைச் செலவிட்டு எடுக்கும் பரிசோதனை சரியான பரிசோதனையாக இருக்க வேண்டும் அல்லவா? பெருங்குடலில் வளரும் கட்டிகளை ஸ்கேன் மூலம் கண்டறிவது எப்படி, அதன் பலம் என்ன, எல்லை என்ன, யாருக்கு அது பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். நாம் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று நம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

குடலுக்குள் வளர்வது என்ன?

நமது பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவரில் சிலருக்கு மரு போல, அல்லது காம்பு வைத்த காளான் போலச் சிறு சதை வளர்ச்சி உண்டாகும். இதை மருத்துவர்கள் பாலிப் என்கிறார்கள். வயது கூடக் கூட இது காணப்படும் வாய்ப்பும் கூடுகிறது. பெரும்பாலான பாலிப்கள் எந்தத் தொல்லையும் தருவதில்லை. வலியும் இருக்காது.

பாலிப்களில் அடினோமா என்ற வகை கவனிக்கப்பட வேண்டியது. இவற்றிலும் மிகச் சிலவே புற்றுநோயாக மாறுகின்றன. ஆனால் பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பாலிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. சிறு பாலிப் ஒன்று வளர்ந்து புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேறு பல புற்றுநோய்களில் கிடைக்காத நீண்ட அவகாசம் இது. அந்த அவகாசத்திற்குள் பாலிப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் அந்தப் புற்றுநோய் உருவாவதற்கு முன்பே தடுக்கப்பட்டுவிடுகிறது.

1969இல் நியூயார்க்கில் டாக்டர் ஹிரோமி ஷின்யா, டாக்டர் வில்லியம் வுல்ஃப் ஆகியோர் வயிற்றைக் கிழிக்காமல், குடலுக்குள் செலுத்திய குழாய் வழியாகவே கம்பிக் கண்ணியைக் கொண்டு பாலிப்பை அறுத்தெடுத்துக் காட்டினார்கள். அன்று தொடங்கிய முறை இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. அடினோமா அகற்றப்பட்ட 2,602 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. பொதுமக்களிடையே எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிட்டால், இவர்களிடையே பெருங்குடல் புற்றுநோய் மரணம் 53 சதவிகிதம் குறைந்திருந்தது.

தாமதத்தின் விலையையும் சொல்ல வேண்டும். நோய் குடல் சுவரோடு நிற்கும் நிலையில் கண்டறியப்பட்டால் 100இல் சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. கல்லீரல், நுரையீரல் போன்ற இடங்களுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டால் அது 15 பேர் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. பாலிப்பாக இருக்கும்போது அரை மணி நேரத்தில் முடியும் வேலை, தாமதித்தால் பெரிய அறுவை சிகிச்சை, கீமோதெரபி, சிலருக்கு வயிற்றில் பை வைத்து மலம் கழிக்கும் நிலை என்று ஆகிவிடுகிறது.

எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

ஸ்கேன் என்று ஒரே சொல்லைச் சொல்கிறோம். அதற்குள் பல வகை இருக்கின்றன.

அல்ட்ராசவுண்ட்: ஒலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும் கருவி. கதிர்வீச்சு கிடையாது, செலவும் குறைவு. ஆனால் ஒலி அலை வாயுவைக் கடந்து செல்லாது. பெருங்குடலோ வாயுவும் மலமும் நிறைந்த இடம். ஆகவே பாலிப்பைத் தேடுவதற்கு இது உதவாது. ஓரளவு பெரிதாகிவிட்ட கட்டி சில சமயம் தென்படலாம். முழு உடல் பரிசோதனைத் திட்டங்களில் சேர்ந்துவரும் வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் இதுதான்.

சாதாரண வயிற்று சி.டி. ஸ்கேன்: வயிற்று வலி, கல், வீக்கம் ஆகியவற்றுக்காக எடுக்கப்படுவது. இதில் குடலைச் சுத்தம் செய்வதில்லை, குடலை விரிய வைப்பதும் இல்லை. சுருங்கிக் கிடக்கும் குடலின் மடிப்பு எது, மலம் எது, பாலிப் எது என்று பிரித்தறிய முடியாது. பெரிய கட்டி தெரியும், சிறியது ஒளிந்துகொள்ளும்.

எம்.ஆர்.ஐ.: மலக்குடலில் புற்றுநோய் இருப்பது உறுதியான பின், அது எவ்வளவு ஆழம் பாய்ந்திருக்கிறது என்று அளந்து சிகிச்சையைத் திட்டமிட இது மிகவும் உதவுகிறது. பாலிப்பைத் தேட வழக்கமாக இதைப் பயன்படுத்துவதில்லை.

பெட் ஸ்கேன்: புற்றுநோய் வேறு இடங்களுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க உதவுவது. நோய் அறிகுறி இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டிய பரிசோதனை அல்ல.

பேரியம் எனிமா: ஆசனவாய் வழியாக வெள்ளை நிற பேரியம் கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பழைய முறை. நம் பெற்றோர் காலத்தில் இதுவே கிடைத்தது. அறிகுறி உள்ள நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. பேரியம் எனிமா செய்துகொண்டவர்களில் 5.6 சதவிகிதத்தினரிடம் புற்றுநோயோ பெரிய பாலிப்போ கண்டறியப்பட்டது. பின்வரும் சி.டி. முறையில் அது 7.3 சதவிகிதம். பேரியம் எனிமா பல பெரிய கட்டிகளைத் தவறவிட்டிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

சி.டி. கொலனோகிராஃபி: பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் தனிப்பட்ட சி.டி. ஸ்கேன் இது. இதற்கு வர்ச்சுவல் கொலனோஸ்கோபி என்றும் பெயர். பாலிப்பைத் தேடும் ஸ்கேன் என்றால் அது இதுதான்.

இந்த ஸ்கேன் எப்படிச் செய்யப்படுகிறது?

சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971இல் முதல் நோயாளியின் மூளை இதில் படமெடுக்கப்பட்டது. இதற்காக 1979இல் ஆலன் கோர்மாக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலை மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுக்கும் இந்தக் கருவியின் படங்களைக் கணினியில் இணைத்து, குடலுக்குள் நடந்து செல்வது போலப் பார்க்கலாம் என்று 1994இல் செய்து காட்டியவர் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் டேவிட் வைனிங்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் இலகுவான நார் குறைந்த உணவும், பிறகு நீர் ஆகாரமும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து தருவார்கள். அதோடு குடிப்பதற்குச் சிறிதளவு பேரியம் அல்லது அயோடின் கலந்த திரவமும் தருவார்கள். மிச்சமிருக்கும் மலத்தையும் நீரையும் இது ஸ்கேனில் வெள்ளையாகக் காட்டும். வெள்ளையாகத் தெரிவது மலம், சதை நிறத்தில் தெரிவது பாலிப் என்று மருத்துவர் பிரித்துக்கொள்வார்.

ஸ்கேன் மேசையில் படுத்ததும் மெல்லிய மென்மையான குழாய் ஒன்றை ஆசனவாய்க்குள் சில சென்டிமீட்டர் மட்டும் வைப்பார்கள். அதன் வழியாகக் கரியமில வாயுவை மெதுவாகச் செலுத்துவார்கள். பலூன் போலக் குடல் விரியும். வயிறு உப்பியது போல இருக்கும், கொஞ்சம் பிடித்து இழுக்கும். ஒருமுறை மல்லாந்தும் ஒருமுறை குப்புறவும் படுக்க வைத்து, மூச்சை அடக்கச் சொல்லி இரு முறை படமெடுப்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிகளே ஆகும். இரு நிலையில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. புரண்டு படுத்தால் மலமும் நீரும் இடம் மாறும், பாலிப் தன் இடத்திலேயே நிற்கும்.

மயக்க மருந்து தேவையில்லை. இருபது நிமிடம், அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிடலாம். கரியமில வாயுவைக் குடல் விரைவில் உறிஞ்சிக்கொள்வதால் உப்புசமும் சீக்கிரம் அடங்கும். அன்றே வேலைக்குத் திரும்புபவர்களும் உண்டு.

எவ்வளவு நம்பலாம்?

2003இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 1,233 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அறிகுறி ஏதுமில்லாத இவர்களுக்கு ஒரே நாளில் இந்த ஸ்கேனும் கொலனோஸ்கோபியும் செய்து ஒப்பிட்டார்கள். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அடினோமாக்களில் ஸ்கேன் 93.8 சதவிகிதத்தைக் கண்டுபிடித்தது. ஸ்கேன் முடிவு தெரியாத நிலையில் செய்த கொலனோஸ்கோபி 87.5 சதவிகிதத்தைக் கண்டுபிடித்தது. 2008இல் 15 மருத்துவ மையங்களில் 2,531 பேரிடம் நடத்தப்பட்ட இன்னொரு ஆய்வில், 10 மில்லிமீட்டருக்குக் குறையாத கட்டி உள்ள 100 பேரில் 90 பேரை ஸ்கேன் சரியாக அடையாளம் காட்டியது.

கட்டி சிறிதாகச் சிறிதாக இந்தத் துல்லியம் குறைகிறது. 6 மில்லிமீட்டருக்குக் கீழுள்ளவை பெரும்பாலும் அறிக்கையிலேயே குறிப்பிடப்படுவதில்லை. அந்த அளவில் ஆபத்து மிகக் குறைவு என்பதும் அதற்குக் காரணம். சுவரோடு ஒட்டித் தட்டையாகப் படர்ந்து வளரும் பாலிப்களையும் ஸ்கேன் தவறவிடக்கூடும்.

கதிர்வீச்சு பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். பாலிப்பைத் தேடும் இந்த ஸ்கேனைக் குறைந்த கதிர்வீச்சிலேயே எடுக்க முடியும். பொதுவாக அது 5 மில்லிசீவெர்ட் அளவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதருக்கு ஓராண்டில் கிடைக்கும் கதிர்வீச்சு உலக சராசரியில் 2.4 மில்லிசீவெர்ட். நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்தவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பதில் உள்ள ஆபத்து சிறியது. ஆனாலும் தேவையின்றி அடிக்கடி எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது கூடாது.

இந்த ஸ்கேனால் முடியாதது

ஸ்கேன் பார்க்க மட்டுமே செய்யும். பாலிப்பை எடுக்காது, சதைத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பாது. ஸ்கேனில் கட்டி தென்பட்டால் கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வின் இன்னொரு பகுதியில், அறிகுறி உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்து ஸ்கேனையும் கொலனோஸ்கோபியையும் ஒப்பிட்டார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. ஆனால் ஸ்கேன் எடுத்தவர்களில் 100க்கு 30 பேருக்கு மேலும் ஒரு குடல் பரிசோதனை தேவைப்பட்டது. கொலனோஸ்கோபி செய்தவர்களில் அது 8 பேர் மட்டுமே.

ஆகவே முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மலத்தில் இரத்தம் போகிறது, பல வாரங்களாக மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருக்கிறது, மலம் கழித்த பின்னும் முழுதாகப் போகாத உணர்வு இருக்கிறது, காரணமின்றி எடை குறைகிறது, ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்திருக்கிறது என்றால் ஸ்கேன் சென்டருக்குச் செல்வது முதல் அடி அல்ல. மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் கையுறை அணிந்து விரலால் மலக்குடலைச் சோதிப்பார், சிறு குழாய் வைத்துப் பார்ப்பார், தேவைப்பட்டால் நேரடியாகக் கொலனோஸ்கோபிக்கு அனுப்புவார். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டியை ஒரு விரல் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிட முடியும். நம் நாட்டில் மலக்குடல் புற்றுநோய் கணிசமாகக் காணப்படுவதால் இந்த எளிய பரிசோதனையின் மதிப்பு மிக அதிகம்.

மூலம் இருப்பது உறுதியானால்கூட, அதே ஆளுக்கு மேலே ஒரு கட்டியும் இருக்க வாய்ப்புண்டு. வலப்பக்கப் பெருங்குடலில் கசியும் இரத்தம் மலத்தோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். உடல் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டுமே அடையாளமாக இருக்கும். சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே மாதங்களைக் கடத்துபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

கொலனோஸ்கோபியிலும் அபாயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும்போது 10,000 பேரில் சுமார் 3 பேருக்குக் குடலில் துளை விழுவதாகவும், சுமார் 15 பேருக்குக் குறிப்பிடத்தக்க இரத்தக்கசிவு ஏற்படுவதாகவும் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் தொகுத்திருக்கிறது. பாலிப்பை அறுக்கும்போதே இரத்தக்கசிவு பெரும்பாலும் நேர்கிறது. ஸ்கேனில் துளை விழுவது இதைவிடவும் அரிது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், மயக்க மருந்து கொடுக்க முடியாத இதய, நுரையீரல் நோயாளிகள், குடல் வளைவுகளால் கொலனோஸ்கோபி பாதியிலேயே நின்றுபோனவர்கள் ஆகியோருக்கு இந்த ஸ்கேன் நல்ல மாற்று வழி. குடலில் கடும் அழற்சி இருக்கும்போதும், அண்மையில் குடல் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் இதைத் தவிர்ப்பார்கள்.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

இந்த ஸ்கேனின் அறிக்கையில் சி என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கலாம். உலகெங்கும் கதிரியல் மருத்துவர்கள் பின்பற்றும் வகைப்பாடு அது.

சி 0 என்றால் குடல் சரியாகச் சுத்தமாகவில்லை அல்லது விரியவில்லை, முடிவு சொல்ல முடியாது என்று பொருள். இதை நல்ல முடிவு என்று நினைத்துவிடக் கூடாது. சி 1 என்றால் கவனிக்கத்தக்க கட்டி இல்லை, வழக்கமாக ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்க்கலாம். சி 2 என்றால் 6 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் ஒன்றோ இரண்டோ பாலிப்கள் இருக்கின்றன. மருத்துவரோடு பேசி கொலனோஸ்கோபி செய்யலாம், அல்லது மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் ஸ்கேன் எடுத்து வளர்ச்சியைக் கவனிக்கலாம். சி 3 என்றால் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பாலிப், அல்லது 6 முதல் 9 மில்லிமீட்டரில் மூன்றோ அதற்கு மேலோ இருக்கின்றன, கொலனோஸ்கோபி தேவை. சி 4 என்றால் புற்றுநோயாக இருக்கக்கூடிய பெரிய கட்டி. ஒரு நாளும் தாமதிக்காமல் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

குடலுக்கு வெளியே உள்ள உறுப்புகளும் இந்த ஸ்கேனில் தெரியும். சிறுநீரகக் கல், இரத்தக்குழாய் வீக்கம் போன்றவை எதேச்சையாகக் கண்ணில் படலாம். அது சிலருக்கு நன்மை. சிலருக்கோ ஆபத்தில்லாத ஒரு புள்ளிக்காக மேலும் பல பரிசோதனைகள், செலவு, கவலை என்று ஆகிவிடும்.

யாருக்கு, எந்த வயதில்?

2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி அந்த ஆண்டில் சுமார் 19 இலட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 9 இலட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 60,000 பேருக்கு மேல் பாதிக்கப்படுகிறார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மேலை நாடுகளைவிட இது குறைவுதான். ஆனால் இங்கே நோயாளிகள் முற்றிய நிலையில் வருவதும், ஐம்பது வயதுக்குக் கீழுள்ளவர்கள் கணிசமாக இருப்பதும் மருத்துவர்களின் கவலை.

அமெரிக்காவில் 45 முதல் 75 வயது வரை அனைவருக்கும் ஏதேனும் ஒரு பெருங்குடல் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அவற்றில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்த ஸ்கேன் என்பதும் ஒரு வழி. நம் நாட்டின் தேசியப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே செய்யப்படுகிறது. பெருங்குடல் அதில் இல்லை. அதாவது யாரும் வீடு தேடி வந்து நம்மை அழைக்கப் போவதில்லை, நாமே கேட்டால்தான் உண்டு.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால் 40 வயதிலிருந்தோ, அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பிருந்தோ, இவற்றில் எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். ஒரே குடும்பத்தில் பலருக்கு, இளவயதிலேயே வந்திருந்தால் ஸ்கேனை நம்பாமல் கொலனோஸ்கோபியே செய்ய வேண்டும்.

எந்தத் தொல்லையும் இல்லாத, குடும்ப வரலாறும் இல்லாத ஒருவருக்கு எளிய தொடக்கம் ஒன்றும் இருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை. பேதி மருந்து வேண்டாம், குழாய் வேண்டாம், சிறிது மலத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். பிரிட்டனில் அரசே வீட்டுக்கு அனுப்பி வைப்பது இந்தப் பரிசோதனையைத்தான். இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது பரிந்துரைக்கப்படுகிறது. இதில் இரத்தம் இருப்பதாக வந்தால் கொலனோஸ்கோபி செய்ய வேண்டும்.

புகைப்பழக்கம், மது, உடல் பருமன், உடலுழைப்பின்மை ஆகியவை இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலிலும், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலிலும் சேர்த்தது. ஹலாலான உணவுதான் என்றாலும் அளவு வேண்டும். வாரம் முழுவதும் இறைச்சி, காய்கறியும் கீரையும் பெயருக்கு என்றிருக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

தயாரிப்பும் வெட்கமும்

நீரிழிவு உள்ளவர்கள் உணவைக் குறைக்கும் அந்த ஒரு நாளில் மாத்திரையையும் இன்சுலினையும் எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வழக்கம் போலப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களுக்கு எல்லாப் பேதி மருந்தும் ஒத்துக்கொள்ளாது, அதையும் சொல்லிவிட வேண்டும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் மறைக்கக் கூடாது.

நோன்பு வைத்துக்கொண்டு இந்தப் பரிசோதனைக்குத் தயாராக முடியாது. அவசரமில்லாத பரிசோதனை என்றால் ரமளான் கழித்து வைத்துக்கொள்ளலாம். தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களா செய்யலாம். நோயாளிக்கு மார்க்கமே தந்திருக்கும் சலுகை அது.

இன்னொரு தடை வெட்கம். ஆண்களும் பெண்களும் இதனாலேயே ஆண்டுக்கணக்கில் வாய் திறப்பதில்லை. மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவு மட்டும் மறைவிடத்தை வெளிப்படுத்த அனுமதி உண்டு என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பெண்கள், குழாய் வைப்பதற்குப் பெண் பணியாளர் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். ஸ்கேன் எடுக்கும் நேரத்தில் உடல் துணியால் மூடியே இருக்கும். மனைவியிடம் சொல்லாத கணவனும், பிள்ளைகளிடம் சொல்லாத தாயும் இந்த நோய்க்குத்தான் உதவி செய்கிறார்கள்.

வேப்பம்பட்டிலிருந்து எங்கே செல்வது?

நமது ரயில் பாதையின் மேற்கே திருவள்ளூரில் 2022இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கிழக்கே அதே ரயில் போய் நிற்கும் சென்ட்ரலுக்கு எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 1934இல் தொடங்கப்பட்ட பர்னார்ட் கதிரியல் நிலையம் அங்குதான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் எக்ஸ்ரே மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட நிலையம் அது. குடல் நோய்க்கென்று தனித் துறையும் அம்மருத்துவமனையில் உண்டு. புற்றுநோய் உறுதியானவர்களுக்கு, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது.

தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதில் அடங்குவர். குடும்பத்தினருக்கும் மருத்துவ உதவி உண்டு. மருத்துவர் சான்றளித்த விடுப்புக்கு, உரிய சந்தா காலம் நிறைவாகியிருந்தால் ஊதியத்தில் 70 சதவிகிதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவிகிதம் என்ற தனி ஏற்பாடும் உண்டு. வேலை போய்விடும், சம்பளம் போய்விடும் என்று அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்கள் தம் இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துப் பார்க்கட்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். எந்தப் பரிசோதனைக்கு, எந்த சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்பதை மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தனியார் ஸ்கேன் மையத்தில் எடுப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். இது சி.டி. கொலனோகிராஃபிதானா, வெறும் வயிற்று சி.டி.யா? கரியமில வாயு செலுத்தும் கருவி இருக்கிறதா? இரு நிலையிலும் படமெடுப்பீர்களா? மலத்தை வெள்ளையாகக் காட்டும் திரவம் தருவீர்களா? இந்த வகைப் படங்களைப் படிக்கப் பயிற்சி பெற்ற கதிரியல் மருத்துவர் அறிக்கை தருவாரா? கட்டி தென்பட்டால் கொலனோஸ்கோபிக்கு எங்கே அனுப்புவீர்கள்? சி.டி. கருவி உள்ள எல்லா மையத்திலும் இந்தப் பரிசோதனை நடப்பதில்லை. இக்கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணத்தைச் செலவிட வேண்டாம்.

மொத்தத்தில் நினைவில் கொள்ள வேண்டியவை இவை. அறிகுறி இருந்தால் மருத்துவர், விரல் பரிசோதனை, கொலனோஸ்கோபி. அறிகுறி இல்லை, வயது 45ஐக் கடந்துவிட்டது என்றால் மல இரத்தப் பரிசோதனை, அல்லது இந்த ஸ்கேன், அல்லது கொலனோஸ்கோபி, இவற்றில் தமக்கு ஏற்றதை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். குழாய் என்றாலே அஞ்சி எதையுமே செய்யாதவருக்கு இந்த ஸ்கேன் பெரும் உதவி. ஆனால் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட்டு, பெருங்குடலைப் பார்த்தாயிற்று என்று யாரும் திருப்தி அடைய வேண்டாம்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபிவழி. பத்து ஆண்டு அவகாசம் கொடுத்து வளரும் ஒரு கட்டியை, உரிய நேரத்தில் தேடிப் பார்ப்பதும் அதில் அடங்கும். இந்த வாரம் வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் வெட்கத்தை விட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தந்தருள்வானாக.